கொழும்பு வேண்டாம், இங்கேயே வெட்டட்டும்

தேற்றாத்தீவு,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் பிரஷாந்திக்கு,

மண்டூர் முருகன் காவலில் நீயும் மருமகனும் என் பேரனும் அந்தச் சுவிஸ் குளிரிலும் சுகமாக இருக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு அம்மா எழுதுகிறேன். என் சுகத்தை நீ தினமும் போனில் கேட்கிறாய், நானும் பரவாயில்லை பரவாயில்லை என்று சொல்லி வைத்துவிடுகிறேன், விபரமாகச் சொல்லப் போனால் அழுகை முந்திக்கொள்கிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஆறுதலாக வாசி.

பித்தப்பைக் கல்லால் சதையி என்கிற கணையம் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தேனே, அந்த வீக்கம் வற்றிவிட்டது, ஆனால் இரைப்பைக்குப் பின்னால் நீர் தேங்கி ஒரு பை உண்டாகியிருக்கிறது. புற்றுநோய் இல்லை என்று டொக்டர் உறுதியாகச் சொன்னார், அதற்காக நீ பயப்படாதே. தானாக வற்றினாலும் வற்றும் என்று இவ்வளவு நாளும் பொறுத்துப் பார்த்தார்கள், அது பெருத்துக்கொண்டு போகிறது, இப்போது இரண்டு வாய் கஞ்சி போனாலே வயிறு அடைத்துக் குடித்ததெல்லாம் சத்தியாக வெளியே வந்துவிடுகிறது. இனி விட்டுவைக்க முடியாதாம். வெளியிலிருந்து ஊசியால் நீரை இழுப்பதுதான் எல்லாவற்றிலும் மலிவு, ஆனால் பக்கத்துக் கட்டிலில் இருந்த காத்தான்குடி கைறுன்னிஸா, "எனக்கு அப்படித்தான் இழுத்தாங்க புள்ள, மறுகாவும் ஊறிட்டு" என்று திரும்பவும் வீங்கியிருந்த வயிற்றைக் காட்டினாள். டொக்டரும் அதை மறுக்கவில்லை.

நீ சொல்கிற கொழும்பு வைத்தியத்தையும் கேட்டேன். வாயால் குழாய் விட்டு இரைப்பைக்கும் அந்தப் பைக்கும் நடுவே துளை போட்டு ஒரு சின்ன உலோகக் குழாய் வைப்பார்களாம், வெட்டுக் காயம் இல்லை, கெதியாக வீடு திரும்பலாம், ஆனால் அந்தக் குழாய் ஆனை விலை குதிரை விலையாம். இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பையை இரைப்பையோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள், ஒரு சதம் செலவில்லை. எது நல்லம் என்று டொக்டரிடம் நேராகவே கேட்டேன். "பலன் ரெண்டிலயும் கிட்டத்தட்ட ஒண்டுதான் அம்மா. இஞ்சயெண்டா நாள் எடுக்கும், பக்கத்தில ஆள் வேணும்" என்றார். காசு கொடுக்கிற இடத்தில் தூக்கி இருத்த நேர்ஸ் வருவாள், இங்கே சொந்தக்காரர் வேண்டும், எனக்கு விளங்கிய வித்தியாசம் அவ்வளவுதான்.

வீட்டை விற்றுக் கொழும்புச் செலவைக் கட்டலாம் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. அது உன் கலியாணத்துக்கு உன் பேரில் எழுதிய வீடு. மகளுக்குக் கொடுத்த வீட்டை நம் பக்கத்தில் எந்தத் தாயும் திரும்பத் தன் வாய்க்குள் போட்டுக்கொள்ளமாட்டாள். அப்பா போன பிறகும் நான் பின்னறையில்தான் படுக்கிறேன், முன்னறைக் கட்டில் உங்களுக்கு. "ஆளில்லாத வீட்டில ஆருக்கு ஒதுங்கிப் படுக்கிறீங்க" என்று அடுத்த வளவு சுலோஜனா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அந்த வீடும் போனால் நீ இந்த ஊருக்கு எதற்கு வருவாய்? வயிற்று நோவைவிட எனக்கு அந்தப் பயம்தான் பெரிது. கைறுன்னிஸாவின் மகள்மார் ஒருத்தி போக ஒருத்தி வருவார்கள், பிளாஸ்க்கில் கொண்டுவந்த கஞ்சியை எனக்கும் பருக்கினார்கள், அந்தப் பிள்ளைகளின் கையைப் பார்த்துக்கொண்டே குடித்தேன் மகள், ருசி தெரியவில்லை.

இங்கேயே வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதக் கடைசியில் ஒபரேசன். துணைக்கு ஆர் நிற்பது என்று டொக்டர் கேட்டார். சுலோஜனா தான் நிற்பதாகச் சொல்லித்தான் என்னை அனுப்பியிருந்தாள், ஆனாலும் என் வாய் மகள் வருவாள் என்று சொல்லிவிட்டது. உன்னைக் கேட்காமல் சொன்னது பிழைதான்.

மருமகனுக்கும் பேரனுக்கும் உனக்கும் என் ஆசீர்வாதம், முருகன் கைவிடமாட்டான். குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. வீட்டு உறுதிப் பத்திரத்தை ஒருவரிடமும் கொடுத்துவிடாதே. வர முடியாதென்றால் போனில் சொல்லாதே மகள், எழுதிப் போடு. அது வந்து சேரும் வரைக்குமாவது நீ வருகிறாய் என்று இருப்பேன்.

உன் அம்மா,
சீதேவிப்பிள்ளை