இரண்டு ரிசீவரும் ஒரு துண்டு வயரும்

என் அன்பு மச்சான் பாஸ்கரா,

போன ஞாயிற்றுக்கிழமை, மந்தைவெளியில் உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நம் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தேன். அன்றிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. இதை உன் ஒருவனிடம்தான் சொல்ல முடியும். நீயோ போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது.

வசந்திதான் வரச் சொன்னாள். "அண்ணா, உன் ரிசீவர் ஒரு வருஷமா இங்கயே கெடக்கு. வந்து எடுத்துட்டுப் போ. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பாக்க எனக்குத் தாங்கல" என்றாள். சொந்தத் தங்கை வீட்டுக்கு ஒரு வருடமாகப் போகாதவன் நான். உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்தபோதும் வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பியவன். உள்ளே போக எனக்கு முகம் இல்லை.

நம் பைத்தியம் உனக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? தி.நகர் கடைகளில் எல்லாரும் புது மியூசிக் சிஸ்டம் வாங்கிக்கொண்டிருந்தபோது, நாம் எழுபதுகளில் செய்த டிரான்சிஸ்டர் ரிசீவர்களைத் தேடி அலைந்தோம். ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே மரப்பெட்டிக்குள், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். உன்னுடையது ரிச்சி தெருவில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது, வாங்கி நீயே உயிர் கொடுத்தாய். டயலில் நீல விளக்கு எரியும். என்னுடையது அடையாறில் ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் விற்றது. மஞ்சள் விளக்கு, நூற்றுப்பத்து வோல்ட். அதற்கென்று தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். "இன்னா மச்சான், மாப்ள கூடவே மாப்ளத் தோழனயும் இட்டுக்கினு வந்துக்கீற?" என்று நீ கேட்டதற்கு வசந்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் நம் பஞ்சாயத்து ஆரம்பிக்கும். அதே கேசட், அதே இரண்டு ஸ்பீக்கர். வால்யூமைக் கூட்டி ஏமாற்றக் கூடாது என்று இரண்டு குமிழ்களையும் சமமாக வைத்துப் பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் ஆளுக்கொரு கையெழுத்து. முதலில் வயரைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தோம். பிறகு நான் ஒரு ஸ்விட்ச் பெட்டி செய்துகொண்டு வந்தேன். இடப்பக்கம் திருப்பினால் உன்னுடையது, வலப்பக்கம் திருப்பினால் என்னுடையது. சபா சபாவாக மைக் வைப்பவன் நீ, காது உன் தொழில். டிவி ரிப்பேர் செய்து சாப்பிடுபவன் நான், சால்டரிங் என் தொழில். அதனால் பெட்டியை நான்தான் செய்ய வேண்டும் என்று அடம் பிடித்தேன்.

அந்தப் பெட்டி வந்த பிறகுதான் சண்டை முற்றியது. உன் பக்கம் திருப்பினால் நீ கண்ணை மூடிக்கொள்வாய். "கொரலு எப்டி முன்னால வந்து நிக்குது பாரு மச்சான். கொஞ்சம் கூட உறுத்தல" என்பாய். நான் என் பக்கம் திருப்பி, "மிருதங்கத்துல வெரல் படற சத்தம் தனியா கேக்குது பாருடா, உன்னுது குடத்துக்குள்ள பேசற மாதிரி இருக்கு" என்பேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டது எனக்கு. தலையில் அடித்துக்கூடச் சொல்லியிருப்பேன்.

போன வருடம் கார்த்திகையில் உன்னை மார்கழிக் கச்சேரிகளுக்கு மைக் வைக்கப் பேச வந்திருந்தார் சபா செயலாளர். அவர் முன்னாலும் நாம் திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டினோம். அவர் பாவம், "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் சார் கேக்குது" என்றார். நீ அவரிடம், உன் ரிசீவரின் குரல்தான் கச்சேரியில் கேட்கிற குரல் என்றாய். எனக்குச் சுர்ரென்று வந்தது. "இவன் காதை நம்பியா சார் மைக் வெக்கறீங்க? இவனுக்குக் காதே கெடையாது!" என்று கத்தினேன்.

கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் அந்த மார்கழிக்கு அவர் வேறு ஆளை வைத்துக்கொண்டார். நீ வீட்டில் உட்கார்ந்திருந்தாய். அதைக் கேள்விப்பட்டும் நான் வரவில்லை. எனக்கு வெட்கம் என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு அதை வீம்பு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், நானும்.

இப்போது கேள். போன ஞாயிறு வயர்களைக் கழற்றப் போனேன். பெட்டியில் ஒரு திருகு லூசாக இருந்தது, பழக்க தோஷத்தில் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஸ்விட்ச்சின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சிவப்பு வயர்த் துண்டுகள் இருந்தன. உன் ரிசீவரின் சத்தம் இடப்பக்கத்துக்கும் போகிறது, வலப்பக்கத்துக்கும் போகிறது. என் ரிசீவரின் வயர்கள் எதிலும் சேராமல், கறுப்பு டேப் சுற்றி ஓரமாக மடங்கிக் கிடந்தன.

மச்சான், அது என் சால்டரிங். எனக்குத் தெரியாதா? பெட்டி செய்த அன்றைக்கு இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் பேசுகிறதா என்று பார்க்கத் தற்காலிகமாக நான்தான் அப்படிப் போட்டேன். பார்த்தேன், பேசியது. எடுக்க மறந்து மூடியை முடுக்கிவிட்டேன். கடைப் பையன் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பேன்.

அப்படியானால் பெட்டி வந்ததிலிருந்து அந்தக் கார்த்திகை வரைக்கும் ஒன்றரை வருடம் நான் கேட்டது என்ன? அந்த மிருதங்க விரல் யாருடையதில் கேட்டது? என்னுடையது சும்மா மஞ்சள் விளக்கை எரித்துக்கொண்டு நின்றிருக்கிறது! ஒன்றாகத்தான் கேட்கிறது என்ற செயலாளரைக்கூட நாம் ஞானசூனியம் என்று நினைத்தோமே?

நான் அப்படியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வசந்தி பக்கத்தில் வந்தாள். "ஆடி மாசம் அவரும் இதத் தொறந்து பாத்தாருண்ணா. பாத்துட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. இன்னான்னு கேட்டா சொல்லல. 'உங்கண்ணன் வரட்டும், அவன் கையாலயே தொறக்கட்டும்'னு திரும்ப மூடி வெச்சிட்டாரு. அதுக்குத்தான உன்னை வந்து கூப்ட்டேன்?"

கூப்பிட்டாள். ஞாபகம் இருக்கிறது. கடைக்கே வந்தாள். "அவரு உன்னை வரச் சொன்னாருண்ணா, ஏதோ காட்டணுமாம்" என்றாள். நான் ஒரு டிவியின் பின்பக்கத்திலிருந்து தலையைத் தூக்காமலேயே, "வேணும்னா அவன் வரட்டும்" என்றேன். அடுத்த மாதம் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய்.

உன் பிழைப்பில் மண்ணைப் போட்டவன் நான். அதற்குக் காரணம் என்னுடைய வயர்த் துண்டுதான் என்று தெரிந்த பிறகும் உன்னால் எப்படிச் சிரிக்க முடிந்தது? நான் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

இங்கே மறுபடியும் மார்கழி வரப்போகிறது. மயிலாப்பூர் வரைக்கும் பறக்கும் ரயில் வந்துவிட்டது. அது பாலத்தின்மேல் போகிற சத்தம் உனக்குப் பிடிக்குமோ, மைக்கில் விழுகிறது என்று திட்டுவாயோ தெரியவில்லை. வசந்தி தையல் வகுப்பு ஆரம்பித்திருக்கிறாள்.

அந்த வயர்களை நான் இன்னும் வெட்டவில்லை. நாளைக்குக் காலையில் பெட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு செயலாளர் வீட்டுக்குப் போவேன். அவர் முன்னால் மூடியைத் திறந்துவைத்து, காது இல்லாதவன் நான்தான் என்று என் வாயால் சொல்வேன். அதன் பிறகு ஒழுங்காக இணைத்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் வசந்தியைத் திருப்பச் சொல்லி, கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்பேன். இது சத்தியம்.

உன் ரிசீவர் ரொம்ப நன்றாக இருக்கிறது, பாஸ்கரா. ஒன்றரை வருடமும் நான் வாய் ஓயாமல் புகழ்ந்தது அதைத்தான்.

நீ கூப்பிட்டும் வராத உன் மச்சான்,
வசந்தியின் அண்ணன்,
குமரேசன்