மூன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும்

காஸல், நவம்பர் 3

அன்புள்ள ஹென்னிங்,

நாம் எந்தத் தேதியிலிருந்து பிரிந்து வாழ்கிறோம்? வரி அலுவலகத்தின் படிவம் கேட்கிறது. எனக்குப் பதில் தெரியவில்லை. பிப்ரவரி கடைசியில் நீ பெட்டியோடு ப்ரேமர்ஹாஃபனுக்கு ரயிலேறிய நாளா? அதற்கு முந்தைய கோடையில், நான் சமையலறையிலும் நீ மாடியிலுமாகச் சாப்பிட ஆரம்பித்த நாளா? ஈஸ்டருக்கு வந்து வேலிச்செடியை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனாயே, அதை எதில் சேர்ப்பது? தொலைபேசியில் பேசினால் சண்டையில் முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

பிரிந்துவிட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் ஜனவரி முதல் இருவருக்கும் முதலாம் வரி வகுப்பு, தனி ஆட்களுக்கானது. தம்பதிகளுக்கான உன் மூன்றும் என் ஐந்தும் போய்விடும்.

கல்யாணமான புதிதில் வரி வகுப்பைப் பதிய நகராட்சிக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? அப்போதெல்லாம் வரி அட்டை தடித்த காகிதத்தில் வீட்டுக்கு வரும். முந்தின ஞாயிறு உன் அப்பா பிளம்ஸ் கேக்கை வெட்டிக்கொண்டே தீர்ப்புச் சொல்லியிருந்தார்: "இதுல யோசிக்க என்ன இருக்கு? கூட சம்பாதிக்கிறவன் மூணு எடுத்துக்கட்டும், அவனுக்குக் கொஞ்சமாப் பிடிப்பாங்க. பொண்டாட்டி அஞ்சு, அவளுக்குக் கூடப் பிடிச்சாப் பிடிக்கட்டும். ஊரே அப்படித்தான் செய்யுது." நான் ஆய்வேட்டோடு அரைநாள் வேலையில் இருந்தேன். "ஒரு வருஷம்தான் வீப்கே. உனக்கு டாக்டர் பட்டம் வந்ததும் மாத்திடலாம்" என்றாய். எதையும் எளிதில் நம்பாதவள், அதை நம்பினேன்.

வெளியே வந்து தெருவோரக் கடையில் நின்றபடியே சுட்ட சாசேஜ் தின்றோம். உன் கடுகு சாஸ் என் அட்டையில் சொட்டியது. "அஞ்சுக்கு ஒரு மெடல்!" என்று துடைக்கப் போய் இன்னும் ஈஷிவிட்டாய். எங்கள் அலுவலகக் கணக்காளர் அதை நுனிவிரலால் பிடித்து வாங்கினார். அன்று சிரித்த மாதிரி நாம் பிறகு சிரித்திருக்கிறோமா?

யூலே நலம். அப்பாவுக்கு ஃபோன் செய்வதாகச் சொன்னாள், செய்திருக்க மாட்டாள். தேதியை நீயே சொல்.

வீப்கே

*

ப்ரேமர்ஹாஃபன், நவம்பர் 9

என் வீப்கே,

யூலே ஃபோன் செய்யவில்லைதான். இங்கே ஒரு வாரமாக மழை. என் அறையின் ஹீட்டர் கிழவன் மாதிரி இருமுகிறது.

உன் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியவில்லை. வேலையிடத்தில் டெட்லெஃபிடம் கேட்டேன். இரண்டு விவாகரத்து பார்த்தவன், இதில் பண்டிதன். "அட மடையா, எதுக்கு இப்ப எழுதிக் குடுக்கற? இந்த வருஷம் ரெண்டு மாசம் சேர்ந்து இருந்துட்டீங்க, இதுக்குக் கவலையில்ல. அடுத்த வருஷத்துக்குத்தான் வழி பாக்கணும். ஜனவரில போயி நாலு வாரம் பொண்டாட்டியோட குடித்தனம் பண்ணு. சமாதான முயற்சின்னு ஒத்துக்குவாங்க. வரிக் கணக்குல வருஷம் பூரா தம்பதிதான்" என்றான்.

ஜனவரியில் வரட்டுமா? மாடி அறையிலேயே இருந்துகொள்கிறேன். உன் உருளைக்கிழங்கு சூப்பைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்தச் சாசேஜ் கடை இப்போது செல்ஃபோன் கடை. போன தடவை பார்த்தேன். உன்னிடம் சொல்ல மனம் வரவில்லை.

என்றும் உன்
ஹென்னிங்

*

காஸல், நவம்பர் 14

அன்புள்ள ஹென்னிங்,

"வரட்டுமா" என்பதைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அதற்கு மேலே இருந்த டெட்லெஃபின் யோசனையைத் திரும்பப் படித்ததும் அது போய்விட்டது. நீ என்னிடம் வருகிறாயா, வரிக்காக வருகிறாயா?

பட்டம் மூன்றாவது வருடமே வந்துவிட்டது. வகுப்பை மாற்றுவது பற்றி நீ பேசவில்லை, நானும் கேட்கவில்லை. யூலே பிறந்து நான் வீட்டிலிருந்தபோது, என் கைக்கு வந்துகொண்டிருந்த சம்பளத்தை வைத்துத்தான் அரசின் குழந்தை வளர்ப்பு உதவித்தொகையைக் கணக்குப் போட்டார்கள். அது வரி அதிகம் பிடித்த ஐந்தாம் வகுப்புச் சம்பளம், அதனால் உதவித்தொகையும் குறைந்தது. "மொத்தத்துல ஒரே குடும்பம்தானே, எந்தப் பையில இருந்தா என்ன?" என்றாய். கணக்குப்படி சரிதான். ஆனால் மாதாமாதம் சம்பளச் சீட்டில் மெலிந்து தெரிந்தவள் நான். கடைசியில் என் வேலையே ஒரு பொழுதுபோக்கு என்று நம் வீட்டில் எல்லோரும் நினைத்துவிட்டார்கள். நான் உட்பட.

நாளை நாலுக்கு நாலு கேட்டு விண்ணப்பம் கொடுக்கப் போகிறேன். இருவருக்கும் நாலாம் வகுப்பு, ஒரே அளவு பிடித்தம். இதற்கு ஒருவர் கையெழுத்தே போதுமாம். டிசம்பரிலிருந்து உன் கைக்கு வருவது குறையும்.

நாலு வாரக் குடித்தனத்துக்கு என்னால் கதவைத் திறக்க முடியாது, ஹென்னிங். அதற்குத்தான் என்றால் ஜனவரியில் வராதே. தேதியை ஏதாவது ஒன்று எழுதிக்கொள்கிறேன்.

வீப்கே

நவம்பர் 15. உறையில் போடுவதற்குள் நீயே அழைத்துவிட்டாய். ஆனாலும் நடந்ததை எழுதி அனுப்புகிறேன். பின்னால் நீ இதை வேறு மாதிரிச் சொல்வாய்.

காலையில் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். மதியம் உன் அழைப்பு. "நாலுக்கு நாலு போட்டுட்டேன்" என்றேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே?"

"கேட்டா கால்குலேட்டர எடுத்திருப்ப."

"எடுத்திருப்பேன்தான்" என்று சிரித்தாய். பிறகு, "வெள்ளிக்கிழமை சாயங்கால வண்டில வரேன்" என்றாய்.

"ஜனவரின்னுதானே எழுதியிருந்த?"

"நவம்பர்ல வந்தா வரிக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. தெரியும்."

எத்தனை மணி வண்டி என்று மட்டும் கேட்டேன்.