என் சிறுநீரகம் பொருந்தியது குறித்து

விடுநர்
சோபனா,
க/பெ பூவரசன்,
மேல்கொட்டாய்,
பாப்பிரெட்டிப்பட்டி வட்டம்,
தருமபுரி மாவட்டம்.
(இம்முகவரிக்குத் தபால் அனுப்ப வேண்டாம்.)

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: கணவரின் அண்ணனுக்கு என் சிறுநீரகத்தைப் பொருத்தும் அறுவைச் சிகிச்சையை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் என் கணவர், மூன்று வயது மகள், மாமியார் சென்னம்மாள், கணவரின் அண்ணன் மாதேஸ்வரன் ஆகியோருடன் வசிக்கிறேன். மாமியார் என் தந்தையின் உடன்பிறந்த அக்கா. நான் அத்தை மகனை மணந்தவள். மாதேஸ்வரன் மாமாவுக்கு இரு சிறுநீரகங்களும் செயலிழந்து டயாலிசிஸ் நடந்து வருகிறது. அவர் நல்லவர் என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. அத்தைக்குச் சர்க்கரை நோய். கணவரின் இரத்த வகை சேரவில்லை. துணைக்குச் சென்ற என் இரத்தத்தையும் எடுத்தார்கள், வகை சேர்ந்தது. அடுத்துத் திசுப் பொருத்தம் பார்த்தார்கள். தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி என நம் அணுக்களில் சில அடையாளங்கள் உள்ளனவாம். அவை ஒத்துப்போனால் ஒருவர் உறுப்பை மற்றவர் உடல் அந்நியம் என்று எளிதில் விரட்டாதாம். ஒரே வழி இரத்தம் என்பதால் எனக்கும் மாமாவுக்கும் பெரும்பகுதி ஒத்திருந்தது. இருவர் இரத்தத்தையும் சேர்த்துப் பார்த்ததிலும் எதிர்ப்பு இல்லை. "கூடப் பொறந்தவங்களுக்கே சில சமயம் இவ்வளவு பொருந்தாதுங்க" என்றார் மருத்துவர். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்று பிடித்த கையை அவர் விடவே இல்லை.

3. அதுமுதல் எனக்குப் பாலும் முட்டையும் தவறாமல் வருகின்றன. தண்ணீர்க் குடம் தூக்க விடுவதில்லை. வண்டியில் ஏறினால், "உள்ள அடிகிடி பட்டுடப்போவுது" என்று அத்தை இறக்கிவிடுகிறார். கொல்லைக்குப் போனாலும் யாராவது கூட வருகிறார்கள். இதை அன்பு என்றே ஊரார் சொல்கின்றனர். ஆனால் வீட்டார் பார்ப்பது என்னையல்ல, எனக்குள் இருப்பதை.

4. என் தாய் கருப்பை அறுவைக்குப் போய், மயக்க ஊசிக்குப் பின் கண் விழிக்கவில்லை. ஒரு சிறுநீரகத்தோடு வாழலாம் என்று மருத்துவர் சொன்னது புரிகிறது, பயம் போகவில்லை. கணவரிடம் சொன்னேன். "மாட்டேன்னா உங்கப்பன் வூட்டுக்குப் போயிடு, பாப்பாவ வுட்டுட்டு" என்றார். தந்தைக்குப் போன் செய்தேன். "எங்கக்கா புள்ளம்மா அது. நீ குடுக்கலன்னா நான் அவ மொகத்துல எப்படி முழிப்பேன்?" என்றார். எனக்குப் போக்கிடம் இல்லை.

5. உறுப்புமாற்று அனுமதிக் குழுவினர் என்னைத் தனியே அழைத்து, கனிவாகவே கேட்டார்கள். கதவுக்கு வெளியே என் மகளின் அழுகுரல் கேட்டது. அவளை இடுப்பில் வைத்திருந்தவர் கணவர். "சம்மதம்ங்க" என்றேன். அது வீடியோவிலும் பதிவாகியுள்ளது. அறுவை அடுத்த வாரம்.

6. இன்று மாமாவுக்கு டயாலிசிஸ் நாள் என்பதால் என் துணைக்கு வர ஆளில்லை. தீர்த்தமலைக்கு வேண்டுதலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, தருமபுரி பேருந்தில் ஏறி வந்து இம்மனுவை அளிக்கிறேன். பேருந்தில் தெரிந்த முகம் எதுவும் இருந்ததா என்றுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆகவே, அறுவையை உடனே நிறுத்திவைக்கவும், இறந்தோர் உறுப்புதானத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் மாமாவின் பெயரைப் பதிந்து அவருக்குப் பொருத்தமானதைத் தேடவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். மாமா பிழைக்க வேண்டும். நான் மறுத்தது வீட்டுக்குத் தெரியக்கூடாது. "பொருத்தம் சரிவரவில்லை" என்று மட்டும் மருத்துவர் சொன்னால் போதும். காவலர் யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

என்னை மறுபடி அழைத்து விசாரித்தால், பயத்தில் மீண்டும் "சம்மதம்" என்றே சொல்லிவிடுவேனோ என்று அஞ்சுகிறேன். அப்போது என் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். இம்மனுவையே என் பதிலாக ஏற்க வேண்டுகிறேன், ஐயா.

இடம்: தருமபுரி
நாள்: 10.11.2025

தங்களை நம்பியுள்ள,
பூ. சோபனா