பல்பு மேல பழி போடாதீங்க

என்னங்க, சாப்பாடு மேசை மேல இருக்கு. உப்பு போடல. அது டாக்டர் சொன்னது, நேத்து சண்டைக்குப் பழிவாங்கல் இல்ல.

சுவருக்குப் பத்து மஞ்சளைப் பிரிச்சுச் சொல்ற பெயிண்டருக்கு, தன் கண்ணுல இருக்கிற மஞ்சள் மட்டும் பல்பு வெளிச்சமாம்! பல்பை மாத்தினீங்களே, கண்ணு மாறிச்சா? கை குச்சியாப் போச்சு, வயித்துல நீர். சாவியை ஃபிரிட்ஜ்ல வெச்சதும் வெறும் மறதி இல்லயாம். ஈரல் கெட்டா புத்தியும் குழம்புமாம். இனி மருந்து போதாது, ஈரலையே மாத்தணும்னுட்டாரு டாக்டர்.

உங்க தங்கச்சி ஹால்ல உட்கார்ந்திருக்கா. உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வராம நகரமாட்டா. முறைக்காம கிளம்புங்க.

சீட்டுல இடம் பத்தல, ஓரத்துல எழுதுறேன்: நான் முன்னாடியே அங்கதான் போறேன், என் ஈரல்ல பாதி உங்களுக்குப் பொருந்துமான்னு பார்க்க. பொருந்திடுச்சுன்னா, இனிமே உள்ள இருந்தே திட்டுவேன்.