கேசட் அட்டையில் யார் பெயர்?

சுங்கை பினாங், பினாங்கு
11 மார்ச் 1991

அன்பான தம்பி நாகுவுக்கு,

அக்கா தவமணி எழுதும் கடிதம். அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன். இனி என் வயிற்றெரிச்சலைக் கேள்.

போஸ்லாஜூ விரைவுத் தபாலில் நீ போட்ட உறை வெள்ளிக்கிழமை என் ஆபீசுக்கு வந்தது. வீட்டுக்கு அனுப்பாத அளவுக்காவது உனக்குப் புத்தி இருக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் படகுத்துறைப் பக்கம் போய் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன், சரியா பார். ஆறு வருஷம் 'கெர்பாங்' கோஷ்டியில் கிட்டார் வாசித்தாய். நவம்பரில் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தாய். கோலாலம்பூரில் தனியாக ஒரு கேசட் பதிவு செய்து முடித்துவிட்டாய். இப்போது பழைய கம்பெனி, 'சிவா' என்ற மேடைப் பெயர் ஒப்பந்தப்படி தங்களுடையது, அதைப் போட்டுக் கேசட் வந்தால் கோர்ட்டுக்குப் போய்க் கடைகளிலிருந்து எல்லாவற்றையும் எடுக்க வைப்போம் என்கிறது. வேறு பெயரில் போட்டால் கம்பெனி வாயைத் திறக்க முடியாது, ஆனால் கடைக்காரன் எவனும் சீண்ட மாட்டான் என்கிறாய். அட்டை 30ஆம் தேதி அச்சுக்குப் போகிறது. அதைத் தவறவிட்டால் ஹரி ராயாப் பெருநாளுக்குக் கடைக்கு வராது. ராயாவுக்கு வராத கேசட் அப்புறம் வந்தும் பிரயோஜனம் இல்லை.

அதனால் உன் லாயர் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். சிவா என்பது உண்மையில் சிவகுருநாதன் என்கிற நம் அப்பாவின் பெயர், அதை மகனுக்கு மனப்பூர்வமாகக் கொடுக்கிறேன் என்று அப்பா சத்தியப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் கோர்ட்டில் நிற்கலாமாம். பத்திரமும் வந்தது, பெரிய எழுத்தில் 'சிவா' என்று போட்ட உன் கேசட் அட்டையின் மாதிரியும் வந்தது.

பாவி! ஊரெல்லாம் அந்தப் பெயரைக் கத்த வைத்தாயே, அது யார் பெயர் என்று இப்போதுதான் ஞாபகம் வந்ததா? உன் அடையாளக் கார்டில் நாகநாதனுக்குப் பின்னால் அப்பா பெயரும் இருக்கிறதல்லவா? அதைப் பார்த்த கம்பெனிக்காரன், வெள்ளைக்காரன் மாதிரி கடைசியில் இருப்பதுதான் உன் பெயர் என்று நினைத்து முதல் கேசட்டில் சிவா என்று போட்டான். தப்புச் செய்தது அவன். கேட்க நன்றாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்லா என்று விட்டது நீ. அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாயா?

இன்னொன்று. கோஷ்டியின் மேனேஜர் அப்துல் ஹமீது நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பெட்டி ஆப்பிள். அப்பாவை வாய்க்கு வாய் என்சே சிவா, என்சே சிவா என்று மலாயில் மரியாதையாகக் கூப்பிட்டார். சிவா திரும்பி வந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறோம், வராவிட்டால் அவர் கேசட் கடைக்குப் போகாது என்று தேன் தடவிச் சொன்னார். எந்தச் சிவா என்று அப்பா கேட்டார். மனிதர் பகடி என்று நினைத்துச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. போகும்போது ஹமீதும் ஒரு தாள் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெயரைக் கம்பெனி வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று அப்பா எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இரண்டு வாரம் கழித்து வந்து வாங்கிக்கொள்வாராம்.

ஆக ஒரே வீட்டில் இரண்டு தாள். ஹமீதின் தாள் அப்பாவின் மேசைமேல் இருக்கிறது, உன்னுடையது என் தையல் மெஷின் இழுப்பறையில். நல்ல நேரம் பார்த்துக் கொடுக்கிறேன். நீ போன் செய்யாதே. போன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. உன் குரல் கேட்டால் வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் அம்மாவிடம் நீட்டிவிடுவார், இருக்கிற காரியமும் கெடும்.

முருகன் ஒரு வழி விடட்டும்.

உன் அக்கா,
தவமணி


18 மார்ச் 1991

அன்பான நாகுவுக்கு,

கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை அப்பா கோவிலுக்குப் போய்வந்து, தோசை சாப்பிட்டு, பேப்பரை மடித்து வைத்த நேரம். அதைவிட நல்ல நேரம் இந்த வீட்டில் கிடையாது. அம்மா சமையலறையில் மூச்சுக்கூட விடாமல் நின்றார்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரத்தை இரண்டு தரம் படித்தார். துறைமுக ஆபீசில் முப்பத்தொரு வருஷம் தலைமைக் கிளார்க்காக இருந்தவர் பார் இவர், சும்மா இருப்பாரா? ஓய்வு பெற்ற வருஷத்தை உன் லாயர் தப்பாகப் போட்டிருக்கிறார். அப்பா எழுந்து போய் அடிக்கோலையும் சிவப்புப் பேனாவையும் எடுத்து வந்தார். உனக்குத்தான் தெரியுமே அவர் முறை. பதிவேட்டில் தப்பு வந்தால் சுரண்டக் கூடாது, மேலே மை பூசக் கூடாது. ஒற்றைக் கோடு இழுத்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒப்பமும் தேதியும் போட வேண்டும். அப்படியே செய்தார். அப்பாடா, அடுத்தது கையெழுத்துத்தான் என்று நான் நினைத்தேன்.

கையெழுத்துப் போடவில்லை. உறைக்குள் வேறு கடிதம் ஏதும் இருந்ததா என்று கேட்டார். லாயரின் குறிப்பு இருந்தது என்றேன். தனக்கென்று அவன் எழுதினது இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு, உன் பத்திரம், அட்டை மாதிரி, ஹமீதின் தாள் மூன்றையும் ஒரே பழுப்புக் கோப்பில் வைத்து நாடா கட்டினார். யோசித்துச் சொல்வதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு நடக்கப் போய்விட்டார். அம்மா ஒரே அழுகை.

எனக்கு அவர்மேலும் கோபம், உன்மேலும் கோபம். பெற்ற தகப்பனிடம் பெயரைக் கேட்கிறவன் நாலு வரி சொந்தக் கையால் எழுதினால் விரலா தேய்ந்துவிடும்? கிட்டார் வாசிக்கிற விரல்தானே அது?

அவர் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அலோர் ஸ்டார் கச்சேரிதான். 88இல் மேடையில் வயர் தடுக்கி நீ விழுந்தாய். மறுநாள் பேப்பரில், குடிபோதையில் சிவா மேடையில் விழுந்தார் என்று கொட்டை எழுத்தில் போட்டான். சங்கத்து வாசகசாலையில் சற்குணம் மாமா அதை உரக்க வாசித்துவிட்டு, என்ன சிவா, ராத்திரி போதை தெளிந்ததா என்று அப்பாவைக் கேட்டாராம். பத்துப் பேர் சிரித்திருக்கிறார்கள். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர்தான், ஒரு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. வாழ்நாளில் ஒரு சொட்டு வாயில் வைக்காத மனிதர். கோபத்தில் ஹமீதின் தாளில் கையெழுத்துப் போட்டுத் தொலைத்துவிடுவாரோ என்று பயந்து சாகிறேன்.

நீ உடனே அவருக்கு எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்.

தவமணி


22 மார்ச் 1991

நாகு,

இதையும் போஸ்லாஜூவில் போடுகிறேன். நாளைக்கே உன் கையில் கிடைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஹமீது வருகிறார். போனில் சொல்லிவிட்டார்.

நேற்று ஆபீஸ் விட்டதும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் போனேன். ஹபீப் முகம்மது அண்ணன் கேசட் கடையில் ராயாவுக்கு இப்போதே கூட்டம். உன் கேசட் எப்போது வரும் என்று என்னிடமே கேட்டார். சிவா கேசட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி அடுக்குவாராம். மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன், அதே கேசட் நாகநாதன் என்ற பெயரில் வந்தால் வாங்குவீர்களா அண்ணே என்று. யாரும்மா அது, போஸ்டாபீசில் முத்திரை குத்துகிறவர் பெயர் மாதிரி இருக்கிறதே என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ சொன்னது சரிதான். வேறு பெயர் போட்டால் கோர்ட் தொல்லை இல்லை, வாங்க ஆளும் இல்லை.

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகப் படி. இன்று காலை அப்பா பசாருக்குப் போன நேரம் நான் அவர் மேசையைத் திறந்தேன். தப்புத்தான். எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. கோப்பைப் பார்த்தேன். இரண்டிலும் போடவில்லை. கோப்புக்கு அடியில் உன் முதல் கேசட் இருந்தது. நீ அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனாயே, காணோம் காணோம் என்று அம்மா தேடிக்கொண்டிருந்தாரே, அதுதான்.

அட்டையை வெளியே எடுத்துப் பார்த்தேன். வாசித்தவர்கள் பெயர் வரிசையில் கிட்டார், சிவா என்று இருக்கிறதல்லவா? அந்தச் சிவாவின்மேல் அடிக்கோல் வைத்து ஒற்றைக் கோடு. மேலே சிவப்பு மையில், அச்சடித்த மாதிரி எழுத்தில் நாகநாதன். பக்கத்தில் ஒப்பம், தேதி. 2.9.85.

தேதியைப் பார்த்தாயா? கேசட் வீட்டுக்கு வந்த அன்று. அலோர் ஸ்டார் நடக்க இன்னும் மூன்று வருஷம் இருந்தது. அந்தக் கச்சேரிதான் காரணம் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேனே, முட்டாள் நான். தன் பெயரை நீ எடுத்துக்கொண்டது அவருக்குப் பெரிதில்லை நாகு. அவர் வைத்த பெயரை நீ தூக்கிப் போட்டுவிட்டாய். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அதைச் சொல்லத் தெரியாமல் ஆறு வருஷமாக டெலிபோனை அம்மாவிடம் நீட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்த மேசைக்கு முன்னால் நின்று நான் அழுதுவிட்டேன். அப்புறம் எல்லாவற்றையும் இருந்த மாதிரியே வைத்து மூடினேன்.

போன் செய்யாதே என்று சொன்னேனே, அதை மறந்துவிடு. ஞாயிறு காலை ஹமீது வருவதற்குள் போன் செய். அப்பாதான் எடுப்பார். கேசட்டைப் பற்றி ஒன்றும் கேட்காதே, பத்திரத்தைப் பற்றியும் கேட்காதே. அப்பா என்று ஒரு தடவை கூப்பிடு, போதும். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன்.

அக்கா


25.3.1991

சி. நாகநாதனுக்கு,

பொருள்: கேசட் அட்டை

உன் தகப்பன் எழுதுவது. யாவரும் நலம். நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு உன் டெலிபோன் வந்தது. அப்பா என்றாய். அதற்குமேல் நீ பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் ரிசீவரை உன் தாயிடம் கொடுக்கவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய். பேச வராததை எழுதுகிறேன்.

நீ அனுப்பிய சத்தியப் பத்திரத்தை ஒப்பமிடாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதில் இருந்த ஒரு பிழையைத் திருத்தியிருக்கிறேன். திரு. அப்துல் ஹமீது கொடுத்த தாளையும் நேற்று அவ்வாறே அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நோன்பு மாதமாகையால் அவருக்குக் காப்பி கொடுக்க இயலவில்லை. நல்ல மனிதர். அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: உங்கள் கம்பெனியிடம் இருப்பது தவறாகப் பதிந்த ஒரு பதிவு. அதை நீங்களே வைத்துக்கொள்ளலாம். என் பெயர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

என் பெயரைக் கொடுக்கும்படி கேட்டிருந்தாய். அதை நீ பிறந்த அன்றே கொடுத்தாயிற்று. என் பெயருக்கு முன்னால் என் தகப்பனார் விநாசித்தம்பி ஓர் எழுத்தாக நிற்கிறார். உன் பெயருக்கு முன்னால் நான் நிற்கிறேன். அதற்குப் பத்திரம் தேவையில்லை. எந்தக் கோர்ட்டும் அதை உன்னிடமிருந்து எடுக்க முடியாது.

நீ பிறந்து முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியும்வரை உனக்குப் பெயர் முடிவாகவில்லை. தினமும் ஆபீசிலிருந்து வந்து ஒரு தாளில் எழுதுவேன். நூறு பெயருக்கு மேல் எழுதி அடித்தேன். ஒன்றை மட்டும் அடிக்கக் கை வரவில்லை. அது இந்தப் பெயர். நீ அதை வேண்டாமென்று விட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது. இதை அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் பிழை.

இந்தப் பெயர் போட்டால் கேசட்டை யாரும் வாங்க மாட்டார்கள் என்று தவமணி சொல்கிறாள். அவள் என் மேசையைத் திறந்ததும் எனக்குத் தெரியும். நாடா முடிச்சு மாறியிருந்தது. வாங்க மாட்டார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். எனக்குக் கிட்டார் விளங்காது. ஆனால் நேற்று இரவு நான் எடுத்துக் கொடுத்த அந்தப் பழைய கேசட்டை உன் தாய் போட்டபோது நான் எழுந்து போகவில்லை. இரண்டு பக்கமும் கேட்டேன். அதில் வாசிப்பது சிவா அல்ல. சிவா நான், எனக்கு வாசிக்கத் தெரியாது.

அட்டையின் மாதிரித் தாளில் செய்ய வேண்டிய திருத்தத்தைச் செய்து, ஒப்பமும் தேதியும் இட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். முன்னெழுத்தை விட்டுவிடாமல் அச்சிடச் சொல்லவும். 30ஆம் தேதிக்கு முன் உன் கையில் கிடைக்கும்.

திருத்தத்தில் உனக்கு மறுப்பு ஏதும் இருந்தால் நேரில் வந்து தெரிவிக்கவும். மறுப்பு இல்லாவிட்டாலும் நேரில் வந்து தெரிவிக்கவும்.

முருகன் உன்னோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
வி. சிவகுருநாதன்