பென்சிலில் போட்ட இன்ட்டுக் குறி

வீரபாண்டி, திருப்பூர்
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

என் தங்கக் கண்ணு சத்யப்பிரியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் ரித்தீஷ் குட்டியும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போது முருகனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, பிரஷர் மாத்திரையை இருவரும் தவறாமல் போடுகிறோம். மனசைத்தான் கேட்கக் கூடாது. மூன்று வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை கண்ணு. அப்பா உனக்கு அனுப்பிய பேப்பரில் என் கடிதம் வரும் வரைக்கும் கையெழுத்துப் போடாதே என்று முந்தாநாள் மெசேஜ் அனுப்பினேன், நீ என்னமோ ஏதோ என்று எட்டுத் தடவை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் அழுதிருப்பேன், நீ அந்த நிமிஷமே அப்பாவைக் கூப்பிட்டுக் கத்தியிருப்பாய், விஷயம் உருப்படியாக உன் காதில் ஏறியிருக்காது. அதனால்தான் கடிதம். கூரியர்காரன் ஒரு வாரம் ஆகும் என்கிறான், ஊத்துக்குளி நெய்யும் ஒரு டப்பா வைக்கலாம் என்று பார்த்தேன், அதெல்லாம் ஏற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டான். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு நிதானமாகப் படி.

போன மாதம் நீ போனில், வேலையை விட்டுவிட்டேன் அம்மா, இனிமேல் நானும் உன்னை மாதிரிதான் என்று சிரித்தாயே, அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நீ சிரித்தாய், நானும் கூடச் சிரித்து வைத்தேன். குழந்தைக்காக வேலையை விட்டதற்கு உன்னைத் திட்ட மாட்டேன், எனக்கு அந்த யோக்கியதை இல்லை, நானும் அப்படி விட்டவள்தான். பார்க்கில் ஒரு வெள்ளைக்காரம்மா உன் நிறத்தைப் பார்த்துவிட்டு, இந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள உனக்கு என்ன சம்பளம் தருகிறார்கள் என்று கேட்டாள் என்று சொன்னாயே, அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது. சாஃப்ட்வேரில் தப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கொடுத்த பெண் நீ, அந்த அம்மாளுக்கு அது தெரியப் போவதில்லை. எனக்குப் பயம் என்னவென்றால், கொஞ்ச நாளில் உனக்கே அது மறந்துவிடும். எனக்கு மறந்தது.

நானும் தப்புக் கண்டுபிடிக்கிற வேலைதான் பார்த்தேன் என்று உனக்கு அரைகுறையாகத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக ஆறு வருஷம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங். கப்பலுக்குப் போகிற பெட்டிகளைக் கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள் நான். ரிஜெக்ட் பாரதி என்றுதான் பேர், முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். ஒரு தடவை லாரி வாசலில் நிற்கிறது, முதலாளியே இறங்கி வந்து, போடும்மா, கப்பலுக்கு நேரமாச்சு என்கிறார். நான் பேனாவை ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு பதினோரு பெட்டியைப் பிரிக்க வைத்தேன். ஒன்பதாவது பெட்டியில் சின்னக் குழந்தை சைஸ் சட்டைக்குப் பெரிய பையன் லேபிள். அவர் லாரிக்காரனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனார். பிரித்துப் பார்க்காமல் ஒரு பெட்டிக்குக் கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. அப்புறம் நீ பிறந்தாய், உனக்கு வீசிங். வேலை முடிந்து வரும்போது என் புடவையில் ஒட்டியிருக்கும் பஞ்சுத்தூசியே குழந்தைக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னார். மறுநாளே நின்றுவிட்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை, நீ மூச்சு விட்டால் போதும் என்றிருந்தது.

உனக்கு நாலு வயதில் அப்பா சொந்தமாகக் கம்பெனி போட்டார். பெண்கள் பேரில் இருந்தால் பேங்கில் கடன் சுலபம் என்று யாரோ சொல்ல, ஜெயபாரதி நிட் வேர் என்று என் பேரையே வைத்துப் போர்டு மாட்டினார். இந்த ஊரில் பாதிக் கம்பெனி பொண்டாட்டி பேரில்தான் ஓடுகிறது. பூஜை அன்றைக்குப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன், அதோடு சரி. அதற்கப்புறம் பேப்பர்தான் என்னிடம் வரும், டைனிங் டேபிளில் தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். எங்கே போட வேண்டுமோ அங்கெல்லாம் பென்சிலில் இன்ட்டுக் குறி இருக்கும். நான் ஒரு கையில் கரண்டியோடு குறியைப் பார்த்துப் பார்த்துப் போட்டுக்கொண்டே போவேன். இருபத்து நாலு வருஷம் கண்ணு. பதினோரு பெட்டியைப் பிரிக்க வைத்தவள், ஒரு வரி படித்ததில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை மயிலாத்தாள் வீட்டுக்கு வந்தாள். அந்தக் காலத்தில் என்னோடு ஒரே மேஜையில் செக்கிங் பார்த்தவள், இப்போது நம் கம்பெனியில்தான் இருக்கிறாள், அதுவே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். காபி கொடுத்தேன், குடிக்கவில்லை. நேத்து மெயின் போர்டு புகைஞ்சு போச்சுங்கக்கா, மாடி பூராப் புகைங்க, முன்படி தெரியலீங்க, அல்லாரும் பின்படிக்கு ஓடுனோம், கீழ ஷட்டரு பூட்டிக் கெடந்துச்சுங்க என்றாள். சாவி மேனேஜர் கதிர்வேலிடம், அவன் துணிக்குச் சாயம் போடுகிற டையிங்குக்குப் போயிருந்திருக்கிறான். பின்படி முழுக்க வேஸ்ட் துணி மூட்டை அடுக்கியிருக்கிறது. எண்பது பேர் கண்ணு, முக்கால்வாசி பெண்கள். எலக்ட்ரீசியன் மெயினை அணைத்து, ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு முன்படி வழியாகவே எல்லாரும் இறங்கினார்களாம். அதற்குள் ஜோதிகா என்று தேனிப் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது, பயத்தில் படிக்கட்டு ஜன்னல் வழியாகக் குதித்துக் கணுக்கால் முறிந்துவிட்டது. யாரும் சாகவில்லை. புகை வந்த அன்றைக்குச் சாயங்காலம் அப்பா என்னிடம், கரண்டு போயி அரை நாள் வேலை கெட்டுப் போச்சு என்று மட்டும் சொல்லிவிட்டு ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஏன் மயிலாத்தா என்னிடம் வந்து சொல்கிறாய், அவரிடம் சொல்வதுதானே என்றேன். அந்த ஷட்டருக்குப் பக்கத்துச் செவுத்துல வழி சுத்தமா இருக்குதுன்னு பேப்பர் ஒட்டியிருக்குதுங்க, அதுல உங்க கையெழுத்துங்கக்கா, அதான் உங்ககிட்ட வந்தேன் என்றாள்.

மறுநாள் அப்பா பேங்குக்குப் போன பிறகு ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குப் போனேன். கேட்டில் செக்யூரிட்டி வடக்கத்திக்காரன், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, செக்கிங் வேலையா, ஆள் எடுக்குது, மேலே போ என்றான். அவன் தலைக்கு மேலே என் பேர், ஆள் உயரத்துக்கு. உன்னைப் பிள்ளை பார்க்கிறவள் என்றார்கள், என்னை வேலை கேட்டு வந்தவள் என்றான், நானும் ஆமாம் என்று மேலே போய்விட்டேன். பின்படிக்குப் போனேன். மூட்டைகளை எடுக்கவே இல்லை, பூட்டும் அப்படியே. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தப் பேப்பர். அவசர வழி இந்த மாதம் சோதிக்கப்பட்டது, தடை எதுவும் இல்லை, நான் நேரில் பார்த்தேன். கீழே என் கையெழுத்து, நல்ல அழகாக. சட்டத்தைக் கழற்றினால் பின்னாடி அடுத்த மாதத்துப் பேப்பர், அதற்கடுத்த மாதத்துப் பேப்பர், மார்கழி வரைக்கும் இருக்கிறது, எல்லாவற்றிலும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். வருஷத் தொடக்கத்தில் பன்னிரண்டையும் ஒரே மூச்சில் போட்டுக் கொடுத்தது ஞாபகம் வந்தது, அன்றைக்குப் பொங்கலுக்கு வீடு துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வரும் வழியில் ஜோதிகாவைப் பார்க்க அவள் ரூமுக்குப் போனேன். கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் வைத்திருந்தாள். நான்தான் ஜெயபாரதி என்றதும், நீங்கதானா அது, நாங்க மொதலாளியோட அம்மா பேருன்னுல்ல நெனச்சோம், செத்துப்போனவுக ஞாபகமா வச்சிருக்காகன்னு நெனச்சோம் என்றாள். பாவம், கேலியாகச் சொல்லவில்லை. நான் வாங்கிப்போன ஆப்பிளை வைத்துவிட்டு வந்தேன்.

தைரியம் வந்து போன வாரம்தான் அப்பாவிடம் கேட்டேன். உன் அப்பா கெட்டவர் இல்லை, அந்தப் பெண்ணின் ஆஸ்பத்திரிச் செலவை அவர்தான் பார்த்தார். ஆனால் ஷட்டரைத் தொறந்து வெச்சா தெச்ச பீஸு பூராத் திருட்டுப் போயிரும் பாரதி, இந்த ஊருல அல்லாரும் இப்படித்தான் வெச்சிருக்கறாங்க என்கிறார். வருகிற செவ்வாய்க்கிழமை நம்மிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் அனுப்புகிற ஆடிட்டர் வருகிறார், ஓனர் நேரில் இருந்து புதுப் பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டுமாம். அன்னைக்கு ஒரு நாள் தொறந்து வெச்சுக்கலாம், நீ வந்து போட்டுட்டுப் போயிரு என்றார். நான் மாட்டேன் என்றேன். ஊட்டுல இருக்கறவளுக்கு என்ன தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னார் கண்ணு. நான் வீட்டில் இருந்தது யாருக்காக என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் உன்னைப் பார்ட்னராகச் சேர்க்கிற பேப்பர் உனக்கு வந்தது. இனிமே உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன், சத்யா போட்டுக் கொடுத்துருவா என்றார். நீயும் போனில், சும்மா ஒரு கையெழுத்துதானேம்மா, இப்பதான் வீட்டுல சும்மா இருக்கேனே என்றாய். இப்போது புரிகிறதா, அம்மா ஏன் எட்டுத் தடவையும் போனை எடுக்கவில்லை என்று.

அன்றிலிருந்து தினமும் காலையில் கம்பெனிக்குப் போகிறேன். அப்பா காரில் போவார், நான் ஆட்டோவில், இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. செக்கிங் மேஜையில் மயிலாத்தாளுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். முதல் நாள் கண்ணாடி போட்டும் ஒன்றும் தெரியவில்லை, ஊசி ஓட்டை ஒன்றைக் கூடப் பிடிக்க முடியவில்லை, வயசு ஐம்பத்து மூன்று ஆயிற்று, சின்னப் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். நாலாம் நாள் கை தானாகவே தையலைத் தடவித் தேடியது. கதிர்வேலிடம் ஷட்டர் சாவி கேட்டேன், மொதலாளிகிட்டக் கேக்கோணுமுங்க என்றான், வெளியே போய்ப் போர்டைப் படித்துவிட்டு வா என்றேன். கொடுத்துவிட்டான். நேற்று நானும் மயிலாத்தாளும் இன்னும் ஆறு பேருமாக மூட்டைகளை இறக்கினோம். ஷட்டர் துருப்பிடித்து முட்டி உயரத்துக்குத்தான் ஏறுகிறது, நாளைக்கு வெல்டரை வரச் சொல்லியிருக்கிறேன். சாவி இப்போது என் ஹேண்ட்பேக்கில் இருக்கிறது, அரை மணிக்கு ஒரு தரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன்.

தைரியமாகச் செய்கிறேன் என்று நினைக்காதே. செவ்வாய்க்கிழமை அந்த ஆடிட்டர், நீங்கள் நேரில் பார்த்தீர்களா என்று கேட்பார். நான் என்ன பதில் சொல்வேன் என்று எனக்குத் தெரியும், அதுதான் பயம். ஆர்டர் போனால் எண்பது வீட்டில் உலை கொதிக்காது, அதில் ஜோதிகா வீடும் உண்டு. பழைய பேப்பரையெல்லாம் எடுத்து என்மேல் கேஸ் போடலாம். அப்பா என்னோடு கடைசி வரைக்கும் பேசாமலே இருந்துவிடலாம், முப்பது வருஷத்தில் அவர் இப்படி இருந்ததில்லை. இன்று காலையில் ஆடிட் பேப்பரை டைனிங் டேபிளில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார், ஏழு இடத்தில் பென்சில் இன்ட்டு. உன் பழைய ஜாமெட்ரி பாக்ஸில் ரப்பர் கிடந்தது, ஏழையும் அழித்துவிட்டேன். சுவரிலிருந்து கழற்றி எடுத்து வந்த மார்கழி வரைக்கும் உள்ள பேப்பர்களில், பார்க்காமல் போட்ட கையெழுத்து என்று ஒவ்வொன்றிலும் எழுதிவிட்டேன். இது உன் கைக்கு வரும்போது செவ்வாய்க்கிழமை முடிந்து போயிருக்கும், என்ன ஆனது என்று உனக்குத் தெரிந்திருக்கும், எனக்கு இப்போது தெரியாது.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். நீ வீட்டில் இரு, பிள்ளையைப் பார், ஒரு வருஷமோ ஐந்து வருஷமோ அது உன் இஷ்டம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஆனால் அப்பா கொடுத்தாலும் மாப்பிள்ளை கொடுத்தாலும், ஏன், நானே கொடுத்தாலும் முழுசாகப் படித்துப் பார்க்காமல் உன் பேரை எழுதாதே. வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று இனிமேல் சொல்லாதே. இந்தப் பேப்பரைப் படித்துப் பார்த்துவிட்டு, பார்ட்னராகச் சேர வேண்டும் என்று உனக்கே தோன்றினால், முதலில் ஊருக்கு வந்து பின்படியில் இறங்கிப் பார், அப்புறம் போடு. அப்பாவிடம் கோபமாகப் பேசாதே, சாப்பிட்டீங்களாப்பா என்று மட்டும் கேள், அவரும் பயந்துதான் போயிருக்கிறார், சொல்லத் தெரியவில்லை.

குட்டிக்குக் குளிர் ஏறாமல் காதை மூடு, தடுப்பூசித் தேதியைத் தள்ளிப் போடாதே, ராத்திரி மூச்சு இரைகிறதா என்று பார், உன் பிள்ளை அல்லவா. பச்சைப் பயறைக் கடைந்து கொடு. உங்கள் மூவருக்கும் முருகன் துணை இருக்கட்டும், நூறு வயது நிறைவாக இருங்கள். குளிக்கப் போகும்போது மறக்காமல் போனைச் சார்ஜில் போடு, எந்த நேரத்திலும் நான் கூப்பிட்டாலும் கூப்பிடுவேன்.

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். சொன்னதெல்லாம் நான் நேரில் பார்த்தது, பார்க்காததை யார் சொன்னது என்று எழுதியிருக்கிறேன். கீழே யாரும் பென்சிலில் குறி போட்டுத் தரவில்லை, நானே இடம் பார்த்துப் போடுகிறேன்.

உன் அம்மா,
இ. ஜெயபாரதி