குஞ்சுகளுக்குப் பரப்பிய பனியன் குப்பை

12-11-1991, செவ்வாய்

என்னைப் போலவே ஆசைக்குக் கோழி வளர்க்கும் செல்லமுத்து, "உமி எதுக்குங்க? நூல்தானுங்க கதகதப்பு" என்று தன் பனியன் கம்பெனியில் கூட்டி அள்ளிய நூலை மூட்டையாகக் கொடுத்திருந்தான். நம்பிக் குஞ்சுகளுக்கு அடியில் பரப்பினேன். இன்று மூன்று குஞ்சுகள் செத்துக் கிடந்தன. ஒன்றின் இரைப்பையை அறுத்துப் பார்த்தேன். உள்ளே நூல் உருண்டை.

அதை அவன் வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டினேன்.

"பசியில தின்னிருக்குமுங்க. நீங்க தீனி ஒழுங்காப் போடோணுங்க" என்றான். மரியாதைக்கு மட்டும் குறைச்சலில்லை.

"உங்க குஞ்சுக்கும் நூல்தானுங்களா?"

காபி கொண்டுவந்த அவன் மனைவிதான், "நாங்க எப்பவும் உமிதானுங்க" என்றாள்.

காபியைத் தொடாமல் வந்துவிட்டேன். குப்பை கொட்ட அவனுக்கு என் கோழிக்கூண்டுதான் கிடைத்தது.